பிப்ரவரியில் எரிந்த விளக்கு

கீழ்த்துறை, செப்டம்பர் 9

அன்புள்ள செவாஸ்தி அக்காவுக்கு,

அர்கிரோ எழுதுவது. உன் முதுகு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கப்பலில் வந்த தலைசுற்றலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். அம்மா இறந்த நாற்பதாம் நாள் பூசையிலிருந்து போனில் பேசினால் நம்மில் ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறாள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

செய்தி இதுதான். தற்காலிக ஆசிரியர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே அம்மாவின் தீவே வந்துவிட்டது. மறுத்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் பெயர் இருக்காது. எனவே பெட்டியுடன் வந்து இறங்கிவிட்டேன். பள்ளியில் நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். சிறிய வகுப்புகளுக்கு நான். பெரிய வகுப்புகளுக்கு வடக்கிலிருந்து வந்த லெயாந்த்ரோஸ், குரல் எழும்பாத மனிதர். இப்போது துறைமுக ஓட்டலில் தங்கியிருக்கிறோம். அக்டோபர் கடைசியில் அதையும் மூடிவிடுவார்கள்.

அம்மாவின் வீட்டில் இந்தக் குளிர்காலம் தங்கிக்கொள்ளலாமா? வீடு மூத்த மகளுக்கு என்பது இந்தத் தீவின் வழக்கம். அதில் எனக்கு வழக்கில்லை. என்னால் முடிந்த வாடகை தருகிறேன். சாவி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கலோத்தினா அத்தையிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் சொல் ஒன்று போதும்.

கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்தங்களுடன்,
அர்கிரோ


ஏதென்ஸ், செப்டம்பர் 22

அன்புள்ள அர்கிரோ,

நலம். முதுகு நாற்காலியோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? தீவில் மீன் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வீட்டுக்கு அக்டோபர் வரை சுற்றுலா விருந்தினர் பதிவு இருக்கிறது. அதன்பிறகு மேல்கூரை வேலை. அம்மா காலத்து உத்தரங்கள், எப்போது தலையில் விழும் என்று தெரியாது. இல்லாவிட்டால் உனக்கு இல்லை என்பேனா? அதோடு, உன்னிடம் வாடகை வாங்கினால் நான் அக்கா இல்லை. வாங்காவிட்டால் பொருளாதாரம் படித்தவள் இல்லை. என்னை அந்த இடத்தில் நிறுத்தாதே.

பயப்படவும் வேண்டாம். மேலே நம் மலையூர் ஹோராவில் பூட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. விலை என்பது ஒரு செய்தி, வேறொன்றுமில்லை. வாங்க ஆளில்லாத குளிர்காலத்தில் அது தானாக இறங்கி வரும். கதவைத் தட்டிக் கேள். தக்காளி வாங்கும்போது நீ செய்யும் பேரம்தான் இதுவும்.

குளிருக்கு முன் நல்ல காலணி வாங்கிக்கொள்.

உன்,
செவாஸ்தி


கீழ்த்துறை, அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம். இன்று தேசிய நாள். என் பிள்ளைகள் கொடியோடு அழகாக நடந்தார்கள். எட்டாவது ஆளாக நடக்க வேண்டிய சிறுமிக்குக் காய்ச்சல், அவள் பால்கனியிலிருந்து சல்யூட் வைத்தாள்.

நீ சொன்னபடி கதவுகளைத் தட்டினேன். நானும் லெயாந்த்ரோஸும் பள்ளி விட்டதும் ஹோராவின் படிகளில் ஏறி இறங்கினோம். எந்த வீட்டுக்காரரும் எங்களை விரட்டவில்லை. காபி கொடுத்தார்கள், ஊறுகாய்ச் சாடியைத் திறந்து காட்டினார்கள், சிலர் அம்மாவை நினைத்துக் கண் கலங்கினார்கள். வீடு மட்டும் இல்லை என்றார்கள். மளிகைக் கடை நிக்கித்தாஸை உனக்கு ஞாபகம் இருக்கும், மூன்று வீடுகளைப் பூட்டி வைத்திருக்கிறார். அவரிடம் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“டீச்சரம்மா, உங்களுக்குக் கொடுக்கணும்னு எனக்கு ஆசைதான். மெஷின் வேண்டாங்குதே.”

“எந்த மெஷின்?”

“இதோ, போன்ல. என்ன விலைக்கு விடணும், எப்போ பூட்டி வைக்கணும், எல்லாம் அது சொல்லுது. நவம்பர்லேர்ந்து பூட்டி வைன்னு சொல்லிடுச்சு. உங்க அக்கா ஆபீஸ் பண்ணினதுதானே? உங்களுக்கே தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நீ ஏதோ கணக்குப் போடும் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாய் என்றுதான் அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கவனித்தேன். குளிர்காலத்துக்கு விட ஒப்புக்கொண்ட ஓரிரு வீடுகளுக்கும் ஒரே விலை. அதுவும் ஏப்ரலில் காலி செய்ய வேண்டும். பள்ளி ஜூன் வரை நடக்கிறது, எஞ்சிய நாட்களை மரக்கிளையில் கழிக்க வேண்டும் போலிருக்கிறது. அக்கா, ஒரு சந்தேகம். வீட்டுக்காரர்கள் எல்லோரும் காபிக் கடையில் உட்கார்ந்து “இந்த விலைக்குக் கீழே யாரும் விடக் கூடாது” என்று பேசி வைத்தால் அது குற்றம். யாரும் யாரோடும் பேசாமல் எல்லோரும் ஒரே ஆலோசகரிடம் போய்க் கேட்டால் அதற்கு என்ன பெயர்? நீ படித்தவள், சொல்.

எனக்கு அறை கிடைத்துவிட்டது, கவலைப்படாதே. பள்ளிக்கு மிகப் பக்கம். ஜன்னல் பெரியது. கொஞ்சம் ரப்பர் வாசனை வருகிறது, பழகிவிடும். லெயாந்த்ரோஸ் துறைமுகத்தில் தன் காரில் தூங்குகிறார். காலையில் சட்டையைத் தேய்த்துக்கொள்ள நிக்கித்தாஸ் கடையின் பின்கட்டுக்குப் போவார்.

நம் வீட்டு வழியாக வந்தேன். மேல்கூரை வேலைக்கு இன்னும் ஆள் வரவில்லை போலிருக்கிறது.

அர்கிரோ


ஏதென்ஸ், நவம்பர் 17

அன்புள்ள அர்கிரோ,

நான் நலம். உனக்கு இருமல் என்று கலோத்தினா போனில் சொன்னாள். நீ எழுதவில்லையே. தேனும் எலுமிச்சையும் சாப்பிடு.

உன் கடிதத்தில் கோபம் இருக்கிறது. கோபம் வாதம் ஆகாது. எங்கள் கருவி யாரையும் கூட்டுச் சேர வைப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஆலோசனை சொல்கிறது. எல்லோருடைய நிலைமையும் ஒன்றாக இருப்பதால் பதிலும் ஒன்றாக வருகிறது. மழை வந்தால் ஊரே குடை விரிக்கிறது. அதைச் சதி என்பாயா?

காலியாகக் கிடக்கும் வீடு வீணாகிறது என்று நினைக்கிறாய். காலியாக இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. குளிர்காலத்தில் மலிவாக விட்டால் அந்த வீட்டின் பெயர் மலிவு வீடு என்றாகிவிடும். உள்ளே வந்தவர் மே மாதம் கிளம்ப மாட்டார், சட்டமும் அவர் பக்கம் நிற்கும். பூட்டி வைப்பது, எந்த நேரத்திலும் திறக்கலாம் என்ற உரிமைக்குக் கொடுக்கும் விலை. நிக்கித்தாஸ் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர் இல்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் நாங்கள் இவ்வளவு படிக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு வாடகை உதவித்தொகை தரப்போவதாக உங்கள் மேயர் அறிவித்ததைச் செய்தியில் பார்த்தேன். பார்த்தாயா, தீர்வு வந்துவிட்டது.

கம்பளி போர்த்திக்கொள்.

செவாஸ்தி


கீழ்த்துறை, டிசம்பர் 6

அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியதில் மகிழ்ச்சி. இருமல் பரவாயில்லை.

தீர்வு வந்த கதையைக் கேள். மேயர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, எங்களை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, மாதம் இருநூறு யூரோ என்று அறிவித்தார். மறுநாள் நிக்கித்தாஸ் எங்களைக் கூப்பிட்டார். மெஷின் சொல்லை மீறி ஒரு வீட்டை விடத் துணிந்துவிட்டாராம். சந்தோஷமாகப் போனோம். முன்பு கேட்டதைவிட இருநூறு அதிகம் கேட்டார். லெயாந்த்ரோஸ், எப்போதும் குரலே எழும்பாதவர், அன்று கேட்டார், “இது எங்களுக்குக் கொடுத்த பணமில்லையா?” என்று.

“ஆமாங்க. அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்குது, நீங்க எங்களுக்குக் கொடுக்கிறீங்க. உங்க கையிலேர்ந்து என்ன போச்சு?”

நானே படித்துத் தெரிந்துகொண்டேன் அக்கா. வீடுகளின் எண்ணிக்கை கூடாதபோது வாங்குபவனுக்குக் கொடுக்கும் உதவி விற்பவன் பைக்குத்தான் போகும். உன் பழைய பாடநூலின் முதல் அத்தியாயங்களிலேயே இருக்கிறது. மேயருக்கு இது தெரியாது என்று நினைக்கிறாயா? அவருக்கு ஹோராவில் நான்கு பூட்டிய வீடுகள் இருக்கின்றன.

நீ குடையைப் பற்றி எழுதியிருந்தாய். மழையை யாரும் உண்டாக்கவில்லை. பூட்டை உண்டாக்கியிருக்கிறீர்கள். பூட்டி வைக்கும் உரிமைக்கு ஒரு விலை என்றாய். அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று எழுத மறந்துவிட்டாய். பூட்டியவர் கொடுக்கவில்லை. லெயாந்த்ரோஸ் கொடுத்தார், காரின் சாய்ந்த இருக்கையில். சென்ற வாரம் காற்று நின்று கப்பல் வந்ததும் ஏறிப் போய்விட்டார். பாதியில் வேலையை விட்டால் இரண்டு வருடத் தடை வருமே என்றேன். “என் முதுகுக்கு அதைவிடப் பெரிய தடை வந்துடுச்சு அர்கிரோ” என்று சிரித்தார். இப்போது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் நானே. பாதிரியாரின் மகளும் பேக்கரிக்காரரின் இரட்டையரும் ஜனவரியில் பக்கத்துத் தீவுப் பள்ளிக்கு மாறலாம் என்கிறார்கள். பிள்ளைகள் போனால் அம்மாக்கள் போவார்கள், அம்மாக்கள் போனால் பேக்கரி மூடும். கோடையில் வருகிறவர்கள் “உயிருள்ள தீவு” என்று எதைப் படம் பிடிக்கப்போகிறார்கள்? ஒவ்வொருவரும் தன் ஒரு கதவைப் பூட்டுவது புத்திசாலித்தனம். எல்லோரும் பூட்டினால் விற்பதற்கு ஊரே இருக்காது. இதையும் உங்கள் கருவி கணக்கில் எடுக்கிறதா, அல்லது அது வேறொரு துறையா?

யாருமே கெட்டவர் இல்லை என்கிறாய். ஒருவரும் கெட்டவராக இல்லாமலே ஒரு மனிதனைக் காரில் தூங்க வைக்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. கப்பல்கள் நிச்சயமில்லை.

அர்கிரோ


கீழ்த்துறை, ஜனவரி 8

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. காற்று காரணமாக இருக்கலாம். நலமாக இருப்பாய்.

கலோத்தினா உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திருக்காட்சித் திருநாள் முடிந்ததும் பாதிரியார் வழக்கம்போலப் பள்ளிக்கு வந்து ஒவ்வோர் அறையிலும் புனித நீர் தெளித்தார். பள்ளியைக் கூட்டிப் பெருக்குவதும் கலோத்தினாதான், அவள் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தாள். நானே பெருக்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த, உடற்பயிற்சிப் பொருட்கள் வைக்கும் அறைக்கு வந்ததும் நான் அது வேண்டாம் என்றேன். பாதிரியார் ஓர் அறையையும் விடக் கூடாது என்றார். கதவைத் திறந்தார்கள். பாய் மெத்தைகளின் மேல் என் போர்வை, பந்துக் கூடையில் என் துணிகள், ஜன்னலோரம் என் அடுப்பு.

பாதிரியார் ஒன்றும் கேட்காமல் துளசிக் கொத்தை நனைத்து என் தலையணையிலும் தெளித்துவிட்டுப் போனார். கலோத்தினா நின்றுவிட்டாள்.

“இங்கயா படுத்துக்கிற? ரெண்டு மாசமாவா?”

“ஜன்னல் பெருசு அத்தை.”

“உங்கம்மா வீட்டுச் சாவி இதோ என் இடுப்புல தொங்குது. நெதமும் போய் ஜன்னலத் தொறந்து காத்து விட்டுட்டுப் பூட்டிட்டு வர்றேன். சுவருக்கு மூச்சு முட்டக் கூடாதாம். செவாஸ்தி சொல்லாம நான் எப்படிடி குடுப்பேன்?”

அவளைக் கொடுக்கச் சொல்லவில்லை. உன்னையும் இனிக் கேட்கவில்லை. ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டேன், ஜனவரி கடைசிக் கப்பலில் அனுப்புவேன். இங்கே பள்ளியின் ஒரே ஆசிரியை நான். நான் போனால் பூட்டுகிறவர்களுக்கு இன்னொரு கட்டடம் கிடைக்கும்.

அர்கிரோ


ஏதென்ஸ், ஜனவரி 23

அர்கிரோ,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? தீவில் மருத்துவர் இல்லை என்று கலோத்தினா சொல்கிறாள். அவருக்கும் வீடு கிடைக்கவில்லையாம்.

அலுவலகத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். வார ஆரம்பக் கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போடுவார்கள். எங்கே மக்கள் வீடு தேடுகிறார்களோ அங்கே புள்ளி சிவக்கும். குளிர்காலத்தில் தீவுகள் எல்லாம் சாம்பல் நிறம். இந்த ஆண்டு ஒரே ஒரு தீவில் சிவப்பு. பக்கத்து மேசைக்காரன் பெருமையாகச் சொன்னான், யாரோ ஒரு வாடிக்கையாளர் நவம்பரிலிருந்து விடாமல் ஒவ்வொரு மாலையும் ஹோராவில் வீடு தேடுகிறாராம். அதிலும் ஒரே ஒரு வீட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாராம். படங்களை மட்டும். பதிவு செய்வதில்லை. கருவி அதைத் தேவை என்று புரிந்துகொண்டு அந்த ஊர் முழுவதற்கும் விலையை ஏற்றிவிட்டதாம். எல்லோரும் கை தட்டினார்கள். அது எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. திரையில் சமையலறைப் படம் வந்தது. அம்மாவின் நீல ஓடுகள்.

மேல்கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கலோத்தினாவிடம் பேசிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் சாவி உன் கையில் இருக்கும். ராஜினாமாவைக் கப்பலில் ஏற்றாதே.

செவாஸ்தி


ஹோரா, பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகு எப்படி இருக்கிறது? என் இருமல் குறைகிறது. ராஜினாமாவை அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தினேன்.

சாவி கிடைத்த அன்று மாலையே பெட்டியோடு ஏறி வந்தேன். எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டேன். வாசல் விளக்கையும் போட்டேன். எனக்கு அந்த இருட்டுத் தெருவில் வெளிச்சம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நிக்கித்தாஸும் மனைவியும். இருவரும் கறுப்பு உடை. கையில் பிராந்திப் புட்டி, பொட்டலமாகக் கெட்டி ரொட்டி. அவர் தொப்பியைக் கழற்றி என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பின்னால் பாதிரியார். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரர், அவர் மாமியார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். பாதிரியாரின் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை இல்லாமல் காபி வைக்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு மேயர் வந்தார்.

“ஆழ்ந்த வருத்தம் அர்கிரோ. செவாஸ்திக்கு என்னாச்சு?”

அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் குளிர்காலத்தில் பூட்டிய வீடு திறந்தால் ஏதென்ஸிலிருந்து ஒரு சவப்பெட்டி வருகிறது என்று பொருள். வேறெதற்கும் திறந்து அவர்கள் பார்த்ததில்லை. உன்னை அழுவதற்காக வந்திருந்தார்கள், அக்கா. சர்க்கரை இல்லாத சாவு வீட்டுக் காபியும் அதற்குத்தான்.

“யாரும் சாகல. நான் குடி வந்திருக்கேன்” என்றேன்.

பேக்கரிக்காரரின் மாமியார்தான் முதலில் சிரித்தாள். கலோத்தினா உள்ளே வந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மேயர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஒரு டீச்சர் வீட்டுல லைட்டு எரிஞ்சா சாவுன்னு நினைக்கிற ஊராயிடுச்சு. மேயரே, உங்களுக்கு நாலு வீடு இருக்கே. ஒண்ணுல ஒரு பல்பு போடுங்களேன். நாங்க பிராந்தி எடுத்துட்டு வரமாட்டோம்.”

மேயர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லெயாந்த்ரோஸின் இடத்துக்கு வரும் ஆசிரியருக்குத் தன் வீடுகளில் ஒன்றைத் திறந்துவிடுவதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மார்ச்சுக்குள் என்றார். பாதிரியார் சாட்சி. அதன்பிறகு காபியில் சர்க்கரை போடச் சொன்னார்கள்.

நீல ஓடுகளில் ஒன்று உடைந்திருக்கிறது. ஒட்டிவிடுகிறேன்.

முத்தங்களுடன்,
அர்கிரோ


ஏதென்ஸ், மார்ச் 2

அன்புள்ள அர்கிரோ,

நான் உயிருடன் நலமாக இருக்கிறேன் என்று நிக்கித்தாஸிடம் சொல்லிவிடு. உன் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சிரித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி முடியும் வரை வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டேன். கூட்டத்திலும் பேசினேன். குளிர்காலத்தில் ஊருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சில வீடுகளைத் திறந்து வைக்கும்படி கருவிக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றேன். “அதுக்கு யார் காசு குடுப்பாங்க?” என்று கேட்டார்கள். இப்போது யார் கொடுக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். நல்ல கேள்வி என்று எழுதிக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

ஈஸ்டருக்கு வரட்டுமா? உன் வசதிப்படி சொல்.

செவாஸ்தி


ஹோரா, மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். நாங்கள் என்று எழுதியதற்குக் காரணம், லெயாந்த்ரோஸின் இடத்துக்கு மத்தோனா என்று ஒருத்தி வந்திருக்கிறாள், கைக்குழந்தையோடு. மேயரின் வீட்டுக்குச் சாயம் பூசுகிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், மின்சாரக்காரர் பக்கத்துத் தீவுக்குப் போயிருக்கிறார். அதனால் அவளை இங்கேயே சேர்த்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நீ நல்லது செய்தாய், மறக்க மாட்டேன். ஆனால் எனக்கு ஓர் அக்கா இருந்தாள். லெயாந்த்ரோஸுக்கு யார் இருந்தார்? தீவில் வீடுள்ள அக்கா இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் என்றால் அதைப் பள்ளி என்று எப்படிச் சொல்வது?

நேற்று முன்தினம் மாலை மத்தோனா ஜன்னலிலிருந்து கத்தினாள். மேயர் வீட்டில் விளக்கு. கீழ் அறை, மேல் அறை, வாசல், எல்லாம். அவள் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். நான் காலையில் செய்த பாதாம் இனிப்பைத் தட்டில் அடுக்கி, மேலே பூப்போட்ட துணி மூடி, படியிறங்கி ஓடினேன். குடி போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதில்லையா?

கதவு திறந்திருந்தது. சுவரோரம் எல்லோரும் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சவப்பெட்டி. மேயரின் பெரியப்பா, நாற்பது வருடம் ஏதென்ஸில் இருந்தவர், மதியக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார். ஒரே பிற்பகலில் குழாய் ஓடியது, மின்சாரம் வந்தது, கணப்பு எரிந்தது.

மேயர் எழுந்து என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா?”

“டீச்சருக்கு வீடு தொறந்துட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவர் ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்து காபி குடித்தேன். சர்க்கரை போடவில்லை. மறுநாள் காலையில் அடக்கம் முடிந்தது, மாலைக்குள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு வா. நீ கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும், உன் அறையில் குழந்தை தூங்குகிறது. நம் வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது, வாசல் விளக்கும் சேர்த்து. மின்கட்டணம் உன் பெயரில் வரும். பார்த்து அதிர்ச்சி அடையாதே.

முத்தங்களுடன்,
அர்கிரோ